இடது மூன்றாம் கை

எனக்கு நிறம் சரியாகத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலைக்கு விண்ணப்பித்தபோது சொல்லவில்லை.

கடல்மாந்தர் நல அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. தோலில் நிறங்களை ஓடவிட்டுப் பேசுகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல், கல்யாணமான நாளிலிருந்து காய்த் தக்காளியாகப் பொறுக்கி வந்து எஸ்தரிடம் திட்டு வாங்குகிற நான் அதற்கு மனுப் போட்டேன். கண் பரிசோதனைக்கு வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "கண்ணாடி போடுவியளா?" போடுவதில்லை என்றேன். அது உண்மைதான். வேலை கிடைத்துவிட்டது.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கடல்மாந்தரின் கண்ணுக்கும் நிறம் தெரியாது என்று. தோல் ஆயிரம் நிறம் காட்டும். ஆனால் காட்டுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் அது வெளுப்பு, கறுப்பு, கோடு, புள்ளி, அலை, அவ்வளவுதான். எனக்கு முன்பிருந்த மொழிபெயர்ப்பாளர்கள் அந்த நிறங்களின் அழகில் வாயைப் பிளந்து வாக்கியத்தைக் கோட்டைவிட்டார்கள். எனக்குப் பிளக்க ஒன்றுமில்லை. ஒன்பது வருடமாகக் கொம்புத்தீவு நிலையத்தின் ஒரே மொழிபெயர்ப்பாளன் நான்தான். பெயர் தொபியாஸ். ஊர் தூத்துக்குடிப் பக்கம். படகில் ஏறினால் குமட்டும்.

கடல்மாந்தர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பள்ளிப்பாடத்திலேயே இருக்கிறது. கடலடியில் கம்பி பதிக்கவும் காற்றாலைத் தூண்களின் காலைப் பழுதுபார்க்கவும் ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டியிருந்தது. மனிதனுக்கு மூச்சு முட்டியது, இயந்திரம் துருப்பிடித்தது. எட்டுக் கைகொண்ட பேய்க்கணவாயையும் மனிதனையும் ஒரு குழாயில் சேர்த்துப் பார்த்தார்கள். இடுப்புக்கு மேலே நம்மைப் போல முகம், மார்பு, இரண்டு கை. இடுப்புக்குக் கீழே உறிஞ்சிகள் வைத்த ஆறு கை. இதயம் மூன்று. கம்பெனி மூடிப்போய்விட்டது. ஆட்கள் மூடிப்போகவில்லை. இன்றைக்கு முந்நூற்றுப் பத்துச் சொச்சம் பேர், அரசாங்கத்தின் பொறுப்பில்.

கம்பெனிக்காரர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. பேய்க்கணவாய் முட்டையிட்டால் சாப்பாட்டை நிறுத்திவிடும். முட்டையைத் துடைத்து, தண்ணீர் விசிறி, பட்டினி கிடந்து, குஞ்சு வெளியே வருகிற நாளில் செத்துப்போகும். கண்ணுக்குப் பின்னால் கடுகளவு ஒரு சுரப்பி இருக்கிறது, அது இடுகிற கட்டளை இது. கடல்மாந்தப் பெண்களுக்கும் அந்தக் கடுகு அப்படியே வந்துவிட்டது. ஆண்கள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஆகவே அந்த இனத்தில் முட்டைக்கு வெளியே வந்து தன் தாயை உயிரோடு பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. அவர்கள் மொழியில் அம்மா என்று சொல்லே இல்லை. 'சொன்னவள்' என்பார்கள்.

முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சுக்குக் கண் திறந்துவிடும். கண்ணாடி மாதிரி ஓடு. வெளியே பட்டினி கிடக்கிற தாய் அறுபது நாளும் தன் தோலில் பேசிக்கொண்டே இருப்பாள்: எது சுறா, எது பாறை, எங்கே ஒளிய வேண்டும், உன் கூட்டம் எப்படி இருக்கும். உள்ளே இருப்பவை பதிலுக்கு மினுக்கும். பேச்சு அப்படித்தான் கைமாறுகிறது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு தாய் படகு விசிறியில் அடிபட்டுப் போனாள். அவள் முட்டைகளைப் பம்பு வைத்துப் பொரிக்க வைத்தோம். நாற்பது குஞ்சு வந்தது. நாற்பதும் வெறும் தோல், ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாமல் திசைக்கொன்றாக நீந்திப் போயின. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஓரா முட்டையிட்டுவிட்டாள்.

ஓரா என்பது நான் வைத்த பெயர், ஓரா மீனின் பெயர். அவளுடைய நிஜப் பெயர் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு ஓடும் இரட்டைக் கோடு. அதை ஆதார் அட்டையில் போட இடமில்லை. நிலையத்துக்குள் கடல்நீர் வந்துபோகிற ஒரு குளம் உண்டு. அதன் மேற்கு ஓரத்தில் ஒரு கல்பொந்து. பொந்தின் கூரையில் ஐம்பத்தெட்டு முட்டை, திராட்சைக் கொத்துப் போலத் தொங்கின.

எட்டாம் நாள் நண்டு கொண்டுபோனேன்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் நண்டா?" என்றாள், தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி. வாயால் தமிழ் பேசுவாள், எங்கள் ஊர்த் தமிழ், என்னிடம் கற்றது. கீழே ஆறு கையும் பொந்துக்குள் முட்டைகளோடு அவள் மொழியில் பேசிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

"எஸ்தர் வச்ச குழம்பு. ஒரு வாய் தின்னு புள்ள. நான் வச்சதுன்னா வேண்டாம்னே சொல்லலாம்."

"மனசு கேக்குது. வாய் தொறக்க மாட்டேங்கு." குழம்பை ஆசையாகத்தான் பார்த்தாள். "நீங்க சாப்பிட்டியளா?"

"நீயும் எங்க அம்மா மாதிரி ஆரம்பிச்சிட்ட. அவ போன் எடுத்தா முதக் கேள்வி அதான். ஊரே கடல்ல முங்குனாலும் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுட்டுத்தான் மறுசோலி."

"உங்க அம்மா எப்பிடி இருப்பாவ?"

"என்னைய மாதிரிதான். மீசை கொஞ்சம் கம்மி."

அவள் தோளில் புள்ளிகள் குலுங்கின. அது அவர்கள் சிரிப்பு. பிறகு புள்ளிகள் நின்றன.

"தெனமும் உங்களப் பாப்பாவளா?"

"முன்னால பாத்தா. பாத்துப் பாத்து அலுத்துப்போயித்தான் கல்யாணம் பண்ணி வச்சா."

"அலுக்குத வரைக்கும் பாத்திருக்காவ," என்றாள் ஓரா.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. அடுத்த பத்து நாளும் அவள் கேட்கக் கேட்க அம்மா கதையாகச் சொல்லித் தள்ளினேன். பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றி என்னைத் துரத்தியது, காய்ச்சலில் கஞ்சி ஊட்டியது, என் முதல் மேடை நகைச்சுவைக்கு ஊரே உட்கார்ந்திருக்க அவள் ஒருத்தி மட்டும் சிரித்தது. ஒவ்வொரு கதைக்கும் அவள் இன்னும் கொஞ்சம் மெலிந்துகொண்டே வந்தாள்.

இருபத்தைந்தாம் நாள் டாக்டர் ஜுலைஹா என்னை அறைக்குள் கூப்பிட்டார். காயல்பட்டினத்துக்காரர், அறுவை நிபுணர், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"தொபியாஸ், நான் பதினோரு பேர் சாகுறதைப் பாத்துட்டேன். பன்னிரண்டாவது ஆளைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அந்தச் சுரப்பியை எடுத்துட்டா அவ சாப்பிடுவா. இன்னும் ஏழெட்டு வருஷம் இருப்பா. மேலிடமும் சரின்னு எழுதிடுச்சு."

"முட்டை?"

அவர் பேனாவை மூடித் திறந்தார். "சாதாரணப் பேய்க்கணவாய்க்குச் செஞ்சு பாத்திருக்காங்க. சாப்பிட ஆரம்பிக்கும், முட்டையை விட்டுட்டுப் போயிரும். ஆனா இவ பாதி மனுஷி தொபியாஸ். அந்தப் பாதி புள்ளைகளை மறக்காதுன்னு நம்புறேன்."

"நம்புறியளா, தெரியுமா?"

"நம்புறேன்."

அதைத்தான் நான் ஓராவிடம் எங்கள் ஊர்த் தமிழில் மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மறக்கலாம் என்பதையும் சொன்னேன். ஒன்பது வருடத்தில் நான் நகைச்சுவை சேர்க்காமல் செய்த ஒரே மொழிபெயர்ப்பு அது.

ஓரா பொந்துக்குள் போய் முட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு தலை மேலே வந்தது.

"நான் உசுரோட இருந்தா, அதுங்க வெளிய வாரத நான் பாப்பேன். இல்லியா அண்ணாச்சி? எங்க ஆளுகள்ல எவளும் பாத்ததில்ல."

"மறக்காம இருந்தா."

"மறந்துட்டா நீங்க ஞாபகப்படுத்துங்க. ஊர்க்கத எல்லாம் சொல்லுதிய, இதச் சொல்ல மாட்டியளா?"

சொல்கிறேன் என்றேன். வாக்குக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரன்.

ஆனால் தலை சம்மதித்தால் போதாது. கடல்மாந்தர் வழக்கத்தில் பெரிய காரியம் எதற்கும் கைக்கூட்டம் போட வேண்டும். அவர்களுடைய ஒவ்வொரு கீழ்க்கைக்குள்ளும் தனியாக ஒரு குட்டி மூளை மாதிரி நரம்புக்கூட்டம் இருக்கிறது. தலைக்குத் தெரியாததெல்லாம் கைக்குத் தெரியும். அதனால் எட்டுக் கையையும் கரையில் நீட்டி, கேள்வியைச் சொல்லி, காத்திருக்க வேண்டும். கறுத்தால் சம்மதம், வெளுத்தால் இல்லை. தோற்ற கைகள் ஜெயித்த கைகள் சொல்படி நடக்கும். நம் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளைவிட ஒழுங்கானது.

ஓரா கைகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். மூத்தவள், சின்னவள், சோம்பேறி என்று. இடப்பக்கம் மூன்றாவதாக இருந்ததன் பெயர் அடங்காப்பிடாரி. தலை கிழக்கே போகச் சொன்னால் அது மேற்கே ஏதாவது சிப்பியைத் திறந்துகொண்டிருக்கும்.

எட்டுக் கையையும் குளத்துச் சுவரில் வரிசையாக வைத்தாள். டாக்டர் படிவத்தோடு நின்றார். மனிதக் கை இரண்டும் உடனே கறுத்தன. கீழே மூத்தவள் கறுத்தது. சின்னவள் யோசித்துக் கறுத்தது. சோம்பேறி கடைசியாகக் கறுத்தது. மற்ற மூன்றும் வெளுத்தன. அவற்றில் அடங்காப்பிடாரி சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. வெளுத்ததோடு நிற்காமல் டாக்டரின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டது.

"ஐஞ்சுக்கு மூணு," என்றாள் ஓரா. "அவள விடுங்க, எப்பவும் இப்பிடித்தான்."

சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். வேறு பேனாவில்.

முப்பதாம் நாள் அறுவை நடந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவர்கள் இரத்தம் நீலம். எனக்குச் சரியாகத் தெரிகிற நிறம் அது ஒன்றுதான், அன்றைக்கு அதுவும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

முப்பத்திரண்டாம் நாள் காலையில் ஓரா கண் விழித்தாள். நண்டு கேட்டாள்.

ஒன்று தின்றாள். இன்னொன்று. பன்னிரண்டு நண்டு தின்றாள். எஸ்தர் குழம்புச்சட்டியை வழித்து நக்கினாள். டாக்டர் ஜுலைஹா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் அதிகம்.

"அருமையா இருக்கு அண்ணாச்சி!" என்றாள் ஓரா. "ஒரு மாசமா எங்க வச்சிருந்திய இத?"

"கொண்டுட்டு வந்தேன் புள்ள. நீதான் தின்னல."

"நான் ஏன் தின்னல?"

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைப்பதை நிறுத்தியிருந்தார்.

ஓரா குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பொந்துக்கு முன்னால் நின்றாள். கூரையில் ஐம்பத்தெட்டும் தொங்கின. ஐம்பத்தெட்டும் அவளைப் பார்த்துத் திரும்பி மினுக்கின. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மேலே வந்து கேட்டாள்:

"அது என்ன அண்ணாச்சி? திங்கலாமா?"

அன்று மதியமே பொந்துக்குக் குறுக்கே வலை கட்டினோம்.

வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால் சொன்னேன். மறுநாள் அவள் வயிறு நிறைந்து வெயிலில் கிடந்தபோது சொன்னேன், ஓரா, அது உன் முட்டை, நீ போட்டது, முப்பது நாள் பட்டினி கிடந்தாய், அவை வெளியே வருவதைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் இதற்குச் சம்மதித்தாய். அவள் பொறுமையாகக் கேட்டாள். தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தைப் பற்றிச் சொன்னால் நாம் எப்படிக் கேட்போம், அப்படி.

"அப்பிடியா?" என்றாள். "நல்லா இருக்கட்டும்." பிறகு, "நீங்க சாப்பிட்டியளா அண்ணாச்சி?" என்றாள் அன்பாக.

அவள் கெட்டவளாக மாறியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அவள் முன்னைவிடக் கலகலப்பாக இருந்தாள்.

முட்டைகளுக்குப் பம்பு காற்றுக் கொடுத்தது. பேச்சு யார் கொடுப்பது? மற்ற கடல்மாந்தப் பெண்களைக் கேட்டேன். ஒருத்தியும் வரவில்லை. அடுத்தவள் முட்டைக்குப் பக்கத்தில் போகிறவள் அதைத் தின்னப் போகிறவள் என்பது அவர்கள் ஊர்ச் சட்டம். டாக்டர் ஒரு பழைய தாயின் காணொளியைத் திரையில் ஓடவிட்டார். முட்டைக்குள் இருந்த கண்கள் ஒரு நிமிடம் பார்த்தன. ஏதோ கேட்டு மினுக்கின. திரை பதில் சொல்லவில்லை. அவை திரும்பிக்கொண்டன.

கடைசியில் நான் இறங்கினேன். இரண்டு கையிலும் கரியும் சுண்ணாம்புமாகக் கோடு போட்டுக்கொண்டு, மார்பளவு தண்ணீரில், வலைக்கு இந்தப் பக்கம் நின்று ஆட்டினேன். 'சுறா' என்றேன். 'பாறை' என்றேன். நூற்றுப்பதினாறு கண்கள் என்னையே உற்றுப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. என் மேடைகளில் எனக்குப் பழகிய வரவேற்புதான். சுண்ணாம்பு கரைந்து கண்ணில் ஏறியது. இன்னும் இருபத்தாறு நாள். அதன் பிறகு ஐம்பத்தெட்டும் வெறும் தோலோடு திசைக்கொன்றாகப் போகும். அதைத் தடுக்கத் தெரிந்த ஒரே ஒருத்தி பத்தடி தள்ளிப் பதினெட்டாவது நண்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தைந்தாம் நாள் அதைப் பார்த்தேன்.

ஓரா சுவரில் சாய்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தாள், எஸ்தர் குழம்பில் புளி அதிகமா குறைவா என்று. அவள் முகம் என் பக்கம், மனிதக் கை இரண்டும் நண்டில், ஐந்து கீழ்க்கை சோம்பலாகத் தண்ணீரில். ஆறாவது கை மட்டும் அவளுக்குப் பின்னால், தரையோடு தரையாக, நீண்டு நீண்டு போய்க்கொண்டிருந்தது. வலையை அடைந்தது. ஒரு கண்ணி வழியாக நுனியை உள்ளே விட்டது. முட்டைக் கொத்துக்குக் கீழே மெதுவாகத் தண்ணீர் விசிறத் தொடங்கியது.

இடது மூன்றாவது. அடங்காப்பிடாரி.

விசிறிக்கொண்டே அது கறுத்தது, வெளுத்தது. மூன்று கோடு ஓடவிட்டது. முட்டைகளுக்குள் ஐம்பத்தெட்டும் ஒரே நேரத்தில் மினுக்கின.

டாக்டரை இழுத்துவந்து காட்டினேன். அவர் கிசுகிசுத்தார், "சுரப்பி தலையில இருந்துச்சு. கையில இருந்ததை நான் எடுக்கலையே."

"மனுஷிப் பாதி மறக்காதுன்னு சொன்னிய."

"சொன்னேன்," என்றார். "தப்பான பாதியை நம்பிட்டேன்."

"அது என்ன சொல்லுது தெரியுமா?" என்றேன். தாய்மார் சொல்கிற முதல் பாடம், தினமும் நூறு முறை வரும். முழுசாகச் சொன்னால், 'நான் இருக்கேன், பயப்படாதே.' ஆனால் ஒரு வாக்கியத்தைச் சொல்ல உடம்பு முழுக்க வேண்டும். 'நான் இருக்கேன்' என்பதைத் தோளும் மற்ற கைகளும் சொல்லும். இந்தக் கையின் பங்கு 'பயப்படாதே' மட்டும். 'சுறா' என்ற சொல்லில் வால்தான் இதன் பங்கு. பாறையில் ஒரு விளிம்பு. தன்னிடம் இருந்த துண்டுகளை மட்டும் அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. முட்டைகள் பதில் சொல்ல, நின்று கேட்டு, மறுபடி சொன்னது.

ஓரா கவனித்துவிட்டாள். "எங்க போய் என்ன செய்யுத நீ!" என்று ஓங்கி ஒரு அடி கொடுத்து அதை இழுத்துக்கொண்டாள். அது கொஞ்ச நேரம் மடங்கிக் கிடந்தது. அவள் அடுத்த நண்டை எடுத்ததும் மறுபடி நழுவியது.

பத்து நாள் இப்படி ஓடியது. ஓரா தூங்கினால் அது விழித்திருந்தது. அவள் வெளிக்கடலுக்கு நீந்தப் பார்த்தால் வலையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒருநாள் அவள் கத்தினாள்: "அண்ணாச்சி, இந்தச் சனியனோட எனக்குச் சீவிக்க முடியல! ஒரு தூக்கம் இல்ல, ஒரு நீச்சல் இல்ல. டாக்டரம்மாட்டச் சொல்லி வெட்டிருங்க. புதுசு மொளச்சிரும்."

முளைத்துவிடும் என்பது நிஜம். பேய்க்கணவாய்க் கை வெட்டினால் வளரும். உள்ளே இருந்தது வளராது, அவ்வளவுதான்.

"இன்னும் பதினஞ்சு நாள் பொறு புள்ள."

"ஏன்?"

சொன்னேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுபடி "அப்பிடியா?" என்றாள். "பாவந்தான். ஆனா அது எங் கையில்லியா அண்ணாச்சி?"

அவள் கைதான்.

கைக்கூட்டம் போட்டாள். வரிசையாக எட்டையும் சுவரில் வைத்தாள். ஏழு கறுத்தன. அன்றைக்கு வெளுத்த மற்ற இரண்டும்கூட இப்போது கறுத்தன, அவற்றுக்கும் தூக்கம் வேண்டியிருந்தது. அடங்காப்பிடாரி கரையில் வைத்த மாத்திரத்தில் வெளுத்தது. ஆனால் அதற்கு வாக்களிக்கவே நேரமில்லை போல, முகம் திருப்புகிற மாதிரி நுனியைப் பொந்தின் பக்கம் திருப்பி வைத்திருந்தது.

"ஏழுக்கு ஒண்ணு," என்றாள் ஓரா.

நான் வீரன் இல்லை. பேசி ஜெயிக்கிறவனும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம், அரசாங்க வேலையை மோசமாகச் செய்வது. படிவத்தில் கையின் எண்ணைத் தவறாக எழுதி அனுப்பினேன். திரும்பி வர மூன்று நாள். திருத்தி, தேதி போட மறந்தேன், இரண்டு நாள். முத்திரையைத் தலைகீழாகக் குத்தினேன். முத்திரையைக் கடலில் போட்டேன். 'அங்கம்' என்பதற்குத் துறை விளக்கம் கேட்டு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். டாக்டர் ஜுலைஹாவுக்கு முதுகுவலி வந்தது. அவருக்கு முதுகுவலி வந்ததே கிடையாது.

ஐம்பத்தைந்தாம் நாள் துணை இயக்குநர் தொலைபேசியில் வந்தார்.

"மிஸ்டர் தொபியாஸ், அந்தப் பொண்ணு அவங்க வழக்கப்படி தெளிவா சம்மதம் குடுத்திருக்கா. அவங்க உடம்பு, அவங்க உரிமை. அதைத் தடுக்க நீங்க யாரு?"

"மொழிபெயர்ப்பாளர் சார். நிலை இரண்டு."

"அப்ப மொழிபெயர்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஐந்துக்கு மூன்று என்று வந்தபோது அதே வழக்கத்தின்படிதான் நானும் போட்டேன். இப்போதும் போட்டேன்.

ஐம்பத்தாறாம் நாள் காலையில் வெட்டினார்கள். அதற்கு முன் டாக்டர் அந்தக் கையைக் கூடுதலாகக் கால் மணி நேரம் வலைக்குள் இருக்கவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வெட்டிய பிறகும் அது தட்டில் ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தது. அவர்கள் கை அப்படித்தான். தட்டை நான் பொந்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மூன்று கோடு. மூன்று கோடு. பிறகு இரண்டு.

அறுபதாம் நாள், விடிந்து வெயில் ஏறிய பிறகு, ஓடுகள் உடைந்தன. ஐம்பத்தொன்று வந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு, முகம் பாசிப்பயறு அளவு. ஐம்பத்தொன்றும் வெறும் தோலோடு தண்ணீரில் தொங்கின. நாலு நாளாக அவற்றுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் என் சட்டையைப் பிடித்திருந்தார். எந்த நிமிடமும் சிதறும் என்று காத்திருந்தோம்.

ஓரா வலைக்கு அந்தப் பக்கம் வந்தாள், நண்டும் கையுமாக, வேடிக்கை பார்க்க.

முன்னால் இருந்த ஒன்று அவளைப் பார்த்தது. அதன் உடம்பு அசையவில்லை. தோளில் ஒன்றும் ஓடவில்லை. ஒரே ஒரு கையை மட்டும் தூக்கியது. இடது மூன்றாவது. கறுத்து, வெளுத்து, மூன்று கோடு. அடுத்தது தூக்கியது. அதற்கடுத்தது. ஐம்பத்தொன்றும் இடது மூன்றாம் கையைத் தூக்கி, ஒன்றை ஒன்று பார்த்து, நெருங்கி, ஒரு கொத்தாகச் சேர்ந்து வலையில் ஒட்டிக்கொண்டன. சிதறவில்லை.

"என்ன அண்ணாச்சி இது," என்றாள் ஓரா. "இதுங்க எல்லாம் ஒரே கையத் தூக்கிட்டுப் பயப்படாத, பயப்படாதங்குது. நான் எங்க பயந்தேன்?"

நான் குஞ்சுகளை மறுபடி எண்ணினேன். ஐம்பத்தொன்றுதான்.

"ஆருக்கோ பயப்படாதன்னு சொன்னா, நான் இருக்கேன்னு முதல்ல சொல்லணும்லா? அரைகுறையாச் சொல்லுது. எவ சொல்லிக் குடுத்தா?" அவள் நண்டை மெல்வதை நிறுத்தி, இடுப்பில் வெட்டுப்பட்ட இடத்தைச் சொறிந்துகொண்டாள். "அரிக்குது."

குஞ்சுகளை நாற்பது நாள் வலைக்குள் வைத்திருக்க வேண்டும். தினமும் காலையில் அவை வலையில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. 'நான் இருக்கேன்' என்று சொல்லத் தெரியாத ஐம்பத்தொரு பேர், உலகத்தைப் பார்த்துப் பயப்படாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த முதல் பாதியைக் கற்றுக்கொடுக்க நான் சுண்ணாம்போடு தினமும் இறங்குகிறேன். என்னைப் பார்த்தால் இப்போதும் கண்ணை மூடிக்கொள்கின்றன.

ஓராவும் வருகிறாள், பொழுதுபோக்குக்கு. அவள் பாட்டுக்கு நண்டு தின்பாள். அவள் இடுப்பில் புதுக்கை முளைத்துவிட்டது. அரை விரல் நீளம், மழமழவென்று, ஒன்றும் தெரியாத கை. குஞ்சுகள் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டன. அந்த முளையைத்தான் பார்க்கின்றன. வலைக்கண் வழியாக நுனியை நீட்டி அதைத் தொடுகின்றன. மூன்று கோடு காட்டுகின்றன. நின்று, காத்திருந்து, மறுபடி காட்டுகின்றன.

நேற்று அது கறுத்தது. வெளுத்தது. ஒரு கோடு வந்தது, கோணலாக.

ஓரா நண்டிலிருந்து தலையைத் தூக்கினாள். முளையை விரலால் சுண்டினாள். அது அவளைக் கண்டுகொள்ளாமல் வலையின் பக்கம் வளைந்தது.

"போச்சு, இதுவும் அடங்காப்பிடாரிதான்," என்று பெருமூச்சு விட்டாள். "அண்ணாச்சி, அந்தப் படிவத்த ஒருக்கா எடுத்துட்டு வாங்க."

"படிவம் தீந்துட்டு புள்ள," என்றேன்.

மேசை இழுப்பறையில் இரண்டு கட்டு இருக்கிறது. நான் பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன்.